கூகைமலைப் பந்தி

சோறு வடித்த ஆவி பந்திக்கூடத்துக்குள் போயாகிவிட்டது, இனி அவர்கள் வந்துவிடுவார்கள், வந்து வரிசையாக உட்கார்ந்துவிடுவார்கள், அதற்குள் வடிவாம்பாளுக்கு ஒரே ஒரு விஷயம் தெரிந்தாக வேண்டும்: காலையில் மாட்டுக்கொட்டகையில் வைத்துப் பிள்ளைக்குத் தயிர்ச்சோறு ஊட்டியதை யாராவது பார்த்தார்களா? பார்த்திருக்க மாட்டார்கள். பார்க்க ஆள் ஏது? கூகைமலை அரண்மனையில் மூச்சு விடுகிறவர்கள் மொத்தமே மூன்று பேர், அவள், அவள் வீட்டுக்காரர் செண்பகராயர், பெண் செவ்வந்தி. சமையல்காரன் சமைத்து இறக்கி வைத்த கையோடு மலையிறங்கிவிடுவான், கூடத்துப் பக்கம் தலை வைத்துப் படுக்க மாட்டான். சரி, உயிரோடு இருப்பவர்கள் பார்க்கவில்லை. செத்தவர்கள்? அவர்களுக்கு மூக்கு இருக்கிறதே. ஆயுசு காலமும் பசியோடு இருந்து, செத்தும் பசியோடு இருக்கிறவர்களுக்கு மூக்கு எப்படி வேலை செய்யும்! சாம்பல் போட்டுத் தேய்த்தாள், எலுமிச்சைத் தோலால் தேய்த்தாள், மஞ்சளைக் குழைத்துப் பூசிக் கழுவினாள், இன்னும் விரலில் தயிர் வாடை அடிக்கிற மாதிரியே இருக்கிறது. அடிக்கிறதா, இல்லை பயத்துக்கு அப்படித் தோன்றுகிறதா? முகர்ந்து பார்த்தாள். ஒரு தடவை இருந்தது, ஒரு தடவை இல்லை. என்ன எழவு வாடையோ என்று கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு உப்புக் கிண்ணத்தை எடுத்தாள். இனிமேல் யோசித்து என்ன ஆகப்போகிறது, ஊட்டியது ஊட்டியாயிற்று, வயிற்றுக்குள் போனதை வெளியே எடுக்கவா முடியும்.

கூகைமலையில் நடுப்பகலுக்கும் விளக்கு வேண்டும். மலை உச்சியில் கருங்கல் அரண்மனை, அதைச் சுற்றி எந்நாளும் விலகாத மூடுபனி, உத்தரத்தில் பகலென்றும் பார்க்காமல் குமுறிக்கொண்டிருக்கிற கூகைகள். வெயில் என்ற ஒன்றை அவள் கலியாணமாகி வந்த அன்றைக்கு அடிவாரத்தில் விட்டுவிட்டு வந்தவள்தான். பதினெட்டுக் கிராமத்துக்கு ராசா வீடு, பொன்னும் பட்டும் கொட்டிக் கிடக்கும், ஆனால் அந்த வீட்டில் ஒரு சாபம் இருக்கிறது என்று அப்போதே அரசல்புரசலாகச் சொன்னார்கள். எந்த ராசா வீட்டில்தான் சாபம் இல்லை என்று அப்பா சிரித்தார். சிரித்த அப்பா இங்கே வந்து ஒரு வேளை பரிமாறிப் பார்த்திருக்க வேண்டும்! அவள் உப்பு வைத்துக்கொண்டே போனாள், இலைக்கு இலை, நுனி இடது பக்கம் பார்த்துப் போட்ட நீள வரிசை, ஆளில்லாத இலைகள். கடைசிக்கு முந்தின இலை அவள் வீட்டுக்காரருக்கு. கடைசி இலை புதுசு. நேற்று வரைக்கும் அந்த இடத்தில் வெறும் கல்தரைதான் இருந்தது. இன்றைக்கு அங்கே செவ்வந்தி உட்காரப்போகிறாள். இந்த வம்சத்தில் பிறந்தது எதுவானாலும் எட்டாவது வயசில் பந்தியில் உட்கார்ந்தாக வேண்டும். முந்தின ராத்திரியிலிருந்து பட்டினி போட்டு, பசியோடு கூட்டி வந்து உட்கார்த்தி வைப்பார்கள். பிள்ளை இலையில் கை வைத்துச் சோற்றைப் பிசைந்தால் முடிந்தது கதை. அன்றைக்கு வயிற்றில் என்ன பசி இருந்ததோ அந்தப் பசி அப்படியே நின்றுவிடும். ஆயுசுக்கும் தீராது. ஆயுசு முடிந்தும் தீராது, செத்த மறுநாளே அந்த ஆள் வந்து தன் பழைய இலையில் உட்கார்ந்துகொள்ள வேண்டியதுதான். இதெல்லாம் தெரிந்தும் ஒருத்தருக்கு, இத்தனை தலைமுறையில் ஒரே ஒருத்தருக்கு, பிள்ளைக்கு வயிற்றை நிரப்பிக் கூட்டிப் போவோமே என்று தோன்றவில்லை. எப்படித் தோன்றும்? சாப்பிட்டுவிட்டுப் பந்தியில் வந்து உட்கார்வது விருந்து வைக்கிறவருக்கு அவமரியாதை. இவர்களுக்குச் சாபம்கூட இரண்டாம் பட்சம், மரியாதைதான் பெரிது. கிடக்கிறார்கள். அவளுக்கு மட்டும் எப்போது தோன்றியது? நேற்றும் தோன்றவில்லை. இன்றைக்குக் காலையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போது, கன்று முட்டி முட்டிக் குடிப்பதைச் செவ்வந்தி ஆவென்று பார்த்துக்கொண்டு நின்றாளே, அப்போதுதான் வடிவாம்பாளுக்குத் தோன்றிற்று, வயிறு நிறைந்த பிள்ளையிடம் எந்தப் பசி வந்து நிற்கும்? உடனே போய்ப் பழையதைத் தயிர் விட்டுப் பிசைந்து எடுத்து வந்துவிட்டாள். கரண்டி எடுக்க நேரமில்லை. இந்த வீட்டில் பரிமாறுகிற கை சோற்றில் படக்கூடாது, பிள்ளைகளுக்கு ஊட்டவும் வெள்ளிக் கரண்டிதான், எட்டு வருஷத்தில் பெற்ற பிள்ளைக்கு இன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கையால் ஊட்டினாள். பிள்ளை மிரண்டு போய் முதல் வாயை வாங்கிற்று. பிறகு விரலைச் சேர்த்து நக்கியது. "அம்மா, உங்க கை உப்பா இருக்கு" என்றது. இந்த நேரத்தில் அதை நினைத்து அழுது தொலைக்கக் கூடாது.

நிமிர்ந்தபோது வந்துவிட்டிருந்தார்கள். அவர்கள் வருவதை அவள் ஒருநாளும் கண்ணால் பார்த்ததில்லை, குனிந்து உப்பு வைக்கும்போது ஆளிருக்காது, நிமிரும்போது சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பார்கள், இலைக்கு மேலே குனிந்த தலைகளும் நரைத்த குடுமிகளும் வரிசையாக. முதல் இலையில் பெரியவர். அவருக்குப் பேர் உண்டு, சொல்லக் கூடாது. அவரிடம் வரும்போதெல்லாம் அவளுக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றும். எல்லாவற்றுக்கும் காரணம் இந்த மனுஷன்தானே. மழை பொய்த்து ஊரே கிழங்கைத் தோண்டித் தின்ற பஞ்சத்தில் களஞ்சியத்தைப் பூட்டிவிட்டு, தன் சொந்தக்காரர்களுக்கு மட்டும் இதே கூடத்தில் பந்தி வைத்தார். நெய் உருக்கின வாசனை மலைக்குக் கீழே வரைக்கும் போயிற்றாம். அந்த வாசனையைப் பிடித்துக்கொண்டே ஒருத்தி ஏறி வந்துவிட்டாள், இடுப்பில் பிள்ளையோடு. எனக்கு வேண்டாம், என் பிள்ளைக்கு ஒரு பிடி போடுங்க என்றாள். இவர் விரட்டவில்லை, அடிக்கவில்லை, அதுதான் வேடிக்கை. பந்தி நடக்குது, பாதியில் எழுந்தால் கூட உட்கார்ந்தவர்களுக்கு அவமரியாதை, பந்தி முடியட்டும் பார்க்கலாம் என்று மரியாதையாகச் சொல்லி அனுப்பினார். ரசம் வந்தது, பாயசம் வந்தது, இரண்டாம் தடவை பாயசம் வந்தது. மோர் வருவதற்குள் இடுப்பில் இருந்த பிள்ளையின் தலை சாய்ந்துவிட்டது. அவள் அழவில்லையாம். உங்க பந்தி முடியவே வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் பனிக்குள் இறங்கிப் போனாளாம். நல்லா வேணும் என்று வடிவாம்பாள் ஒவ்வொரு நாளும் நினைப்பாள், நினைத்துக்கொண்டே பருப்பை ஊற்றுவாள். நல்லா வேணும், ஆனால் உனக்கு வேணும், என் பிள்ளைக்கு ஏன்? அந்தக் கேள்விக்கு யாரிடம் போய் நிற்பது. இடுப்பில் பிள்ளையோடு நின்றவளிடமா கேட்க முடியும்? கேட்டால், என் பிள்ளைக்கு ஏன் என்று அவள் திருப்பிக் கேட்க மாட்டாளா? இந்த இடத்துக்கு வந்ததும் யோசனை எப்போதும் முட்டிக்கொண்டு நின்றுவிடும், அதற்கு மேல் போகாது, அவள் அடுத்த இலைக்குப் போய்விடுவாள்.

அடுத்த இலையில் அவர் மகன், பசி தாங்காமல் படுக்கையிலும் சாப்பாட்டுத் தட்டோடு படுத்தவர், கடைசியில் விக்கி அல்லவா செத்தார். அதற்கடுத்தவர் கடல் தாண்டிப் போனால் சாபம் துரத்தாது என்று கப்பலேறிப் போனார், சவப்பெட்டிக்குள் திரும்பி வந்தார், பெட்டி வந்து சேருமுன்பே இலையில் உட்கார்ந்திருந்தார். பிறகு இரட்டைப் பிள்ளைகள், செத்தும் ஒருத்தன் இலையில் இருக்கிற அப்பளத்தை இன்னொருத்தன் பார்த்துக்கொண்டிருப்பான். பிறகு ராசநாச்சி, வம்சத்திலேயே வீம்புக்காரி. சாப்பிட்டால்தானே பசி, சாப்பிடவே மாட்டேன் என்று பல்லைக் கடித்துக் கிடந்து இருபது வயசில் செத்துப்போனாள். அவளிடம் வரும்போது வடிவாம்பாளுக்குக் கை தாழ்ந்துவிடும், ஒரு கரண்டி நெய் கூடுதலாக விழும். தோள் எலும்பு தாவணிக்கு மேலே துருத்திக்கொண்டு நிற்கும், அள்ளி அள்ளிச் சாப்பிடுவாள், வீம்பெல்லாம் எங்கே போயிற்றோ. செவ்வந்திக்கும் நெற்றியில் அதே சுழி. அதை நினைக்கக் கூடாது. நினைக்கக் கூடாது என்றால்தான் வரும். செவ்வந்தி வளர்ந்து, சமைந்து, தோள் எலும்பு துருத்தி, இந்த வரிசையில் இவர்களோடு இவர்களாகக் குனிந்து, எந்தக் காலத்து மருமகளோ ஒருத்தி வந்து பரிமாற, போதாமல் போதாமல் அள்ளி அள்ளி... வடிவாம்பாளின் கையில் இருந்த நெய்க்கிண்ணம் ஆடிற்று. ஒரு சொட்டு தரையில் விழுந்தது.

"கையில என்ன நடுக்கம்?" என்றாள் அத்தை. அத்தை என்றால் மாமியார் கோமதி நாச்சியார், போய்ச் சேர்ந்து ஆறேழு வருஷம் ஆகிறது. இந்த வீட்டில் பிறந்தவர்கள் உட்கார்வார்கள், வாழ வந்தவர்கள் பரிமாறுவார்கள், செத்தாலும் அதுதான் ஏற்பாடு. கரண்டியும் வாளியுமாக எத்தனையோ மருமகள்கள் கூடத்தில் சத்தமில்லாமல் நடந்துகொண்டிருந்தார்கள், அத்தை கையில் ரசம். செத்தும் அவளுக்கு நாக்கு நீளம் குறையவில்லை. நேற்று குழம்பில் உப்பு தூக்கல் என்றாள், முந்தாநாள் அப்பளத்தை உடைத்து வைத்தாய் என்றாள். "ஒண்ணுமில்ல அத்தை" என்று வடிவாம்பாள் நகரப் பார்த்தாள். "நில்லு. உன் கையில என்ன வாடை?" மாட்டுக்குத் தவிடு கலக்கினேன் என்று வாய் தானாகச் சொல்லிற்று. அத்தை அவள் கையையே பார்த்தாள். பிறகு வரிசையில் ஓரிடத்தைப் பார்த்தாள், வடிவாம்பாளும் பார்த்தாள், அங்கே இளைய கொழுந்தன், அத்தையின் செத்துப்போன சின்ன மகன், உட்கார்ந்திருந்தான். அந்தக் கதை அவளுக்குத் தெரியும். இவன் முதல் பந்தி நாளில் அத்தை இவனை யானைக்கொட்டிலில் பூட்டி ஒளித்து வைத்தாள். இலை காலியாகக் கிடந்தது. எச்சில் கையோடு எல்லாரும் எழுந்து அவனைத் தேடி மலையிறங்கினார்களாம், அவர்கள் கடந்து போன வீட்டிலெல்லாம் பானையில் சோறு இல்லை, குதிரில் நெல் இல்லை, பால் குடிக்கிற குழந்தைக்குத் தாயிடம் பால் இல்லை. கடைசியில் அத்தையே கொட்டிலைத் திறந்து, பையனைக் கையைப் பிடித்து இழுத்து வந்து உட்கார வைத்தாள். அவன் அதற்குப் பிறகு அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை, இப்போதும் பார்ப்பதில்லை, அத்தை தினமும் அவனுக்குத்தான் முதலில் ரசம் ஊற்றுகிறாள். "தவிடா" என்றாள் அத்தை மெல்ல. "சரி, போ. போய் சோத்தைப் போடு." தெரிந்துவிட்டதா, தெரியவில்லையா? தெரிந்துதான் விடுகிறாளா? வடிவாம்பாளால் திரும்பிப் பார்க்க முடியவில்லை.

செண்பகராயர் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார். பட்டுப் பாவாடை, தலையில் கனகாம்பரம், முகத்தில் மட்டும் மிரட்சி. வடிவாம்பாள் பார்த்துக்கொண்டே இருந்தாள், வாசற்படியில் ஒரு கணம் நின்று, துண்டின் நுனியால் பிள்ளையின் வாயோரத்தில் ஒட்டியிருந்த எதையோ அவர் துடைத்துவிட்டார். பருக்கை! கடவுளே, பருக்கை ஒட்டியிருந்திருக்கிறது, அவர் பார்த்துவிட்டார், பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. எப்பேர்ப்பட்ட மனுஷன். இந்த மலையும் பனியும் கூகையும் அவளுக்குப் பழகியதே இந்த ஒருத்தரால்தான். கலியாணமான புதிதில் ஒருநாள் அடுக்களையில் சாப்பிட்டுவிட்டு வாய்விட்டு ஏப்பம் விட்டுவிட்டாள், பார்த்தால் கதவோரம் அவர் நிற்கிறார். வெட்கத்தில் செத்தாள். இன்னொரு தடவை விடு என்றார், கேலி என்று நினைத்தாள், கேலி இல்லை. கிட்டே வந்து அவள் வயிற்றில் காது வைத்துக் கேட்டார். உன் வயிறு பேசாம இருக்கே வடிவு, என்னுது ஒரு நிமிஷம் சும்மா இருக்காது என்றார். அன்றையிலிருந்து தினமும் பந்திக்குப் பிறகு வந்து அவள் மடியில் தலை வைத்துக் கொஞ்ச நேரம் அதைக் கேட்டுக்கொண்டு கிடப்பார். எவ்வளவு தின்றும் ஒட்டிய கன்னம், குழிந்த கண், கோபம் என்று ஒன்று கிடையாது. சில நாள் சோறு பிசையும்போதே கண்ணிலிருந்து தண்ணீர் வழியும், துடைத்துக்கொள்ளாமல் சாப்பிட்டுக்கொண்டே இருப்பார். அவருக்காக எத்தனை நாள் அழுதிருக்கிறாள்! இப்போது அவர் பெண்ணைக் கடைசி இலையில் உட்கார வைத்துவிட்டுப் பக்கத்தில் தானும் உட்கார்ந்தார். அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்று அப்புறம் யோசித்துக்கொள்ளலாம், சோறு போட வேண்டும், சோறு போட்டாள், பருப்பு விட்டாள், நெய் விட்டாள், செவ்வந்தியின் இலையில் ஆவி எழும்பிற்று. கூடம் முழுக்கச் சாப்பிடுகிற சத்தம் ஆரம்பித்தது.

செவ்வந்தி கையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். குழம்பு வந்தது. பிள்ளை இலையைப் பார்த்தது, அம்மாவைப் பார்த்தது, கொட்டாவி விட்டது. வயிறு நிறைந்த பிள்ளைக்குத் தூக்கம் வருகிறது! வடிவாம்பாளுக்குச் சிரிப்பு வந்தது. இப்படியே இரு கண்ணே, கையை எடுத்துவிடாதே, மரியாதைக்காகக்கூட ஒரு பருக்கையைத் தொட்டுவிடாதே. ரசத்தோடு அத்தை வந்தபோது செவ்வந்தி இரண்டு கையையும் இலைக்கு மேலே விரித்து மறைத்துக்கொண்டு, தெளிவாகச் சொல்லிற்று: "எனக்கு வேண்டாம். என் வயிறு நெறஞ்சிருக்கு." கூடத்தில் மெல்லுகிற சத்தம் நின்றுவிட்டது. உத்தரத்தில் கூகைகள்கூட வாயை மூடிக்கொண்டன. முதல் இலையிலிருந்து பெரியவர் தலையை நிமிர்த்தினார், அவர் நிமிர்ந்து வடிவாம்பாள் பார்த்ததே இல்லை. "யாரது? என்ன சொன்னே?" குரல் காய்ந்த ஓலை மாதிரி இருந்தது. "வயிறு நெறஞ்சிருக்குன்னு சொன்னேன், தாத்தா." "எப்படி நெறஞ்சுது?" "அம்மா ஊட்டிவிட்டாங்க." "எதால?" பிள்ளைக்குக் கேள்வியே புரியவில்லை. "கையாலதான்" என்றது. வரிசை முழுக்கத் தலைகள் திரும்பின, வடிவாம்பாளின் கையைப் பார்த்தன. போச்சு. இனி எழுந்து வருவார்கள், யானைக்கொட்டில் கதைதான், பானை காலி, குதிர் காலி. என்னை என்ன வேண்டுமானாலும் செய்யட்டும், பிள்ளையை இழுத்துக்கொண்டு ஓடிவிடலாமா, ஓடி எங்கே போவது. "இங்க வா" என்றார் பெரியவர்.

போனாள். கால் நடந்தது, அவ்வளவுதான் தெரியும். அவர் இலைக்கு முன்னால் போய் முழங்கால் போட்டாள். பெரியவர் அவளை அடிக்கவில்லை, சபிக்கவில்லை. வாயைத் திறந்தார். பல்லில்லாத ஈறும் கறுத்துப்போன நாக்கும். "எனக்கும் ஊட்டு, தாயி" என்றார். வடிவாம்பாளுக்கு முதலில் வந்தது பயம் இல்லை, ஆத்திரம். இந்த வாய்க்கா? ஒரு பிடி சோறு கேட்டவளை வாசலில் நிற்க வைத்துவிட்டு இரண்டு தடவை பாயசம் குடித்த வாய்க்கா என் கை? செத்துப்போன அந்தக் குழந்தைக்கு யார் ஊட்டினார்கள்? மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தாள், அப்போது கூடத்துக் கடைசியில் செவ்வந்தி இரண்டு கையையும் இலைக்கு மேலேயே வைத்துக்கொண்டு, எடுக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பது கண்ணில் பட்டது. "என் பிள்ளையை விட்டுருவீங்களா?" என்றாள். "சோத்துல கை வைக்காதவ பந்தியிலேயே இல்ல. எந்திரிச்சுப் போகச் சொல்லு." செவ்வந்தி, வெளியே போய் விளையாடு கண்ணு, அம்மா கூப்பிடுற வரைக்கும் வராதே என்று வடிவாம்பாள் கத்தினாள், குரல் பிசிறிற்று. பிள்ளை எழுந்து ஒரே ஓட்டமாக ஓடிற்று. பாவாடைச் சரசரப்பு வாசல் தாண்டும் வரைக்கும் காதைக் கொடுத்துக்கொண்டிருந்துவிட்டு, அவள் பெரியவர் இலையில் கையை விட்டுப் பிசைந்து, உருட்டி, வாயில் வைத்தாள். உதடு விரலில் பட்டது, பனிக்கட்டிக் குளிர். அவர் கண்ணை மூடிக்கொண்டார். நாலைந்து வாய்க்குப் பிறகு ஏப்பம் விட்டார், அந்த வரிசையில் கேட்ட முதல் ஏப்பம். அந்தச் சத்தத்தைக் கேட்டு வரிசையில் யாரோ விம்மினார்கள்.

"எந்திரிச்சுப் போங்க" என்றாள் வடிவாம்பாள். அவர் தலையை ஆட்டினார். "ஒண்ணா உக்காந்தவங்க ஒண்ணாத்தான் எந்திரிக்கணும். எல்லாருக்கும் ஊட்டும்மா." சாவிலும் விடாத மரியாதை! சரி, ஊட்டினாள். விக்கிச் செத்தவருக்குச் சின்னச் சின்ன உருண்டையாக, கடல் தாண்டினவருக்கு, இரட்டையர்களுக்கு மாற்றி மாற்றி, ராசநாச்சிக்கு. ராசநாச்சி சாப்பிடும்போது அவள் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள், விடவே இல்லை. ஒவ்வொருத்தராக வயிறு நிறைந்து, இலையை மூடி வைத்து, எழுந்திருக்காமல், அடுத்தவருக்குக் காத்திருந்தார்கள். இளைய கொழுந்தனுக்கு ஊட்டப் போனபோது அத்தை குறுக்கே வந்து, ரசச் செம்பைக் கீழே வைத்துவிட்டு, நான் ஊட்டுறேன் என்றாள். அவன் நிமிர்ந்து அத்தை முகத்தைப் பார்த்தான். வடிவாம்பாளுக்கு அப்போது ஒரே சந்தோஷமாகக்கூட இருந்தது, ஆமாம், சந்தோஷம்தான், இதோ முடியப்போகிறது, என் பிள்ளை தப்பித்துவிட்டாள், இனி இந்த இலை போடுகிற வேலையே இல்லை என்று கை பாட்டுக்குப் பிசைய மனசு துள்ளிக்கொண்டு போயிற்று, போய் வரிசையின் கடைசியில் இடித்துக்கொண்டு நின்றது. எல்லாருக்கும் என்றாரே. எல்லாரும் ஒன்றாக எழுந்திருக்க வேண்டும் என்றாரே, வயிறு நிறைந்து எழுந்தவர் திரும்பி வர மாட்டாரே. கடைசியாக உட்கார்ந்திருந்தது செண்பகராயர். அவர் சோற்றைத் தொடாமல், கையைத் துடைத்துக்கொண்டு, அவளுக்காகக் காத்துக்கொண்டிருந்தார்.

"நீங்க எந்திரிச்சு இந்தப் பக்கம் வந்துருங்க" என்றாள். அவர் லேசாகச் சிரித்தார். "எட்டு வயசுல கை வெச்சவன் நான். இந்த வரிசைதான் எனக்கு." நான் ஊட்ட மாட்டேன் என்றாள், குழந்தை மாதிரிக் கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள். யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை. தலைமுறை தலைமுறையாகப் பசித்துக் கிடந்தவர்கள் வயிறு நிறைந்து, மூடிய இலைக்கு முன்னால் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு பொறுமையாக உட்கார்ந்திருந்தார்கள். "ஊட்டலேன்னா இவங்க யாரும் எந்திரிக்க முடியாது, வடிவு" என்றார் அவர். "நாளைக்கு மறுபடி இலை போடணும். நாளைக்கும் செவ்வந்தியை உக்கார வைக்கணும். நாளைக்கு அவளுக்குப் பசிச்சா?" அவள் செவ்வந்தி ஓடிப்போன வாசலைப் பார்த்தாள். "என்னையும் பாரேன். எனக்கும் பசிக்குதே" என்றார், அதைச் சொல்லும்போதுதான் அவர் குரல் உடைந்தது. அவள் உட்கார்ந்தாள். சோற்றைப் பிசைந்தாள், நெய்யை இன்னும் கொஞ்சம் விட்டாள், ஆறிவிட்டதே என்று கவலைப்பட்டாள், அந்த நேரத்திலும் அவளுக்கு அந்தக் கவலை. முதல் வாய் கொடுத்தாள். இளஞ்சூடான உதடு, உயிருள்ள மூச்சு. பன்னிரண்டு வருஷம் பக்கத்தில் படுத்த மனுஷனுக்கு ஒரு தடவைகூட ஊட்டியதில்லை, என்ன வீடு இது, என்ன வழக்கம் இது! ஐந்தாறு வாய்க்குள் அவர் மெல்லுவதை நிறுத்திவிட்டு அப்படியே இருந்தார். தன் வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது பாருங்கள், அவள் அதற்கு முன்னால் பார்த்ததே இல்லை. "நெறஞ்சிருச்சு வடிவு" என்றார். "இன்னும் ஒரே ஒரு வாய்" என்றாள் அவள். வாங்கிக்கொண்டார். "இன்னும் ஒண்ணு, இது கடைசி." அதையும் வாங்கிக்கொண்டார், அவளுக்காக. அவள் உருண்டையைச் சின்னதாக்கினாள், இன்னும் சின்னதாக்கினாள், குருவிக்குப் போடுகிற அளவுக்கு ஆக்கினாள், வரிசை முழுக்கக் காத்திருக்கிறது, காத்திருக்கட்டும், இவ்வளவு காலம் இருந்தவர்கள் இன்னும் கொஞ்சம் இருந்தால் என்ன, இலையில் சோறு இருக்கிற வரைக்கும் இவர் இருப்பார் அல்லவா, அண்டாவில் இன்னும் சோறு இருக்கிறது, கொண்டுவந்து போட்டால்... "விடும்மா" என்று அத்தை பின்னாலிருந்து அவள் தோளைத் தொட்டாள். செண்பகராயர் அவள் மணிக்கட்டைப் பிடித்து, கையை மெதுவாகக் கீழே இறக்கிவிட்டார். இலையை மூடினார்.

எல்லாரும் ஒன்றாக எழுந்தார்கள். துணிகள் உரசுகிற சத்தம் மட்டும் கேட்டது. பரிமாறினவர்களும் கரண்டியையும் வாளியையும் சுவரோரம் வைத்துவிட்டு அவர்களோடு போனார்கள். பின்கட்டுக் கதவு வழியாகப் பனிக்குள் வரிசையாக இறங்கினார்கள், கடைசியில் செண்பகராயர். பந்தி முடிந்து கை கழுவப் போகிறவர் மாதிரியேதான் போனார். வடிவாம்பாள் கூப்பிடவில்லை, கூப்பிட்டால் திரும்பிவிடுவார் என்று பயம், திரும்பாவிட்டால் என்ற பயம். மூடிய இலைகளுக்கு நடுவில் எச்சில் கை காய்ந்து இறுகும் வரைக்கும் உட்கார்ந்திருந்தாள். அழுகை வரவில்லை. பாத்திரம் தேய்க்க வேண்டும் என்று தோன்றிற்று. நாளைக்குச் சமையல்காரன் வந்ததும் அடிவாரத்துக்குச் சேதி சொல்லி அனுப்ப வேண்டும், என்னவென்று சொல்லி அனுப்புவது?

"அம்மா" என்று வாசலில் செவ்வந்தி நின்றாள். பூவெல்லாம் உதிர்ந்து, பாவாடையில் சேறு. "அம்மா, பசிக்குது." பசிக்குதா? இந்த வீட்டில் பிறந்தது, நெற்றியில் அந்தச் சுழியோடு, பசிக்குது என்கிறது. இலையைத் தொட்டுவிட்டாளா? தொடவில்லை, பார்த்துக்கொண்டுதானே இருந்தேன், முழுக்கப் பார்த்தேனா, பெரியவரிடம் நடந்து போனபோது முதுகைக் காட்டிக்கொண்டுதானே போனேன்? காலையில் சாப்பிட்ட பிள்ளை, ஓடியாடியிருக்கிறாள், பசிக்காதா, எந்தப் பிள்ளைக்கும் பசிக்கும். எந்தப் பசி இது? பிள்ளையை அடுக்களைக்குத் தூக்கிக்கொண்டு போனாள், தூக்குகிற வயசா அது, தூக்கிக்கொண்டுதான் போனாள். சட்டியில் மிச்சமிருந்த தயிர்ச்சோற்றைப் பிசைந்து ஊட்டினாள். பிள்ளை வாங்கிக்கொண்டது. இன்னொன்று, அதையும் வாங்கிக்கொண்டது. வாங்கிக்கொண்டே இருந்தது. வடிவாம்பாள் அதன் தொண்டையையே பார்த்தாள், கண்ணையே பார்த்தாள், சட்டியில் சோறு குறைந்துகொண்டே வந்தது. அடுத்த வாய்க்குச் செவ்வந்தி உதட்டை இறுக்கிக்கொண்டு முகத்தைத் திருப்பினாள்.

"இன்னும் ஒரே ஒரு வாய்" என்றாள் வடிவாம்பாள்.

"ஐயோ, போதும்மா" என்று பிள்ளை அவள் கையைத் தள்ளிவிட்டது.

தள்ளிவிட்ட அந்தச் சின்னக் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அவள் ஓவென்று அழ ஆரம்பித்தாள். ஏம்மா, ஏம்மா அழறீங்க, அப்பா எங்கே என்று செவ்வந்தி கேட்டுக்கொண்டே இருந்தாள்.